பேய்மேட்டில் ஒரு சிரிப்பு

உத்தமபாளையம்
12 ஜனவரி 2025

கொச்சி மாநகரத்தை ஒற்றைக் கணினியால் கட்டி ஆளும் மகாகனம் பொருந்திய மருமகள் யுவராணியாரின் திருச்சமூகத்துக்கு, கம்பம் பள்ளத்தாக்கின் சொட்டுநீர்க் குழாய்ச் சக்கரவர்த்தியும் உன் தாயோடு உடன்பிறந்த ஒரே ரத்தினமுமாகிய வேல்பாண்டி மாமன் எழுதிக்கொண்டது.

இங்கே நான் நலம். கடை நலம். கடையில் எலி நலம். உன் அத்தை நலமாக இருக்கிறாள் என்று பாத்திரச் சத்தத்தை வைத்து ஊகிக்கிறேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நீ கேட்பாய். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் தாளிப்பு நின்றுவிடும். நான் பேசப்போவதோ ராஜாங்க ரகசியம்.

விஷயம் இதுதான். நீயும் உன் கூட்டாளி செல்வினும் செய்து வெளியிட்ட 'பேய்மேடு' விளையாட்டைக் கடையின் பில் போடும் கணினியில் ஆடிக்கொண்டிருக்கிறேன். நான் செத்த சாவுக்குக் கணக்கு எழுதிக் கை வீங்கி எமதர்மன் விடுப்பில் போய்விட்டான். அரிவாளை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறேன். பேய் அடிக்கிறது. சேர்த்த ஆயுதம், மருந்து, மந்திரம் எல்லாம் போய், வெறுங்கையோடு அடிவாரத்து வீட்டு வாசலில் நிற்கிறேன். மறுபடி ஏறினால் பாதை வேறு, பேய் வேறு. இதற்கு 'ஆக்‌ஷன் ரோக்லைக்' என்று பெயராம். நம் பக்கத்தில் இதற்குத் திராட்சை விவசாயம் என்று பெயர்.

ஆடுகிற பிள்ளைகள் எழுதிய விமர்சனங்களையும் ஒன்று விடாமல் படித்தேன். தேரை எந்தத் தெருவழியே இழுப்பது என்று இரண்டு தெருக்காரர்கள் மோதிக்கொள்வதுபோல மோதிக்கொள்கிறார்கள். செத்த பிறகும் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், அடுத்த தடவை சற்றுப் பலத்தோடு தொடங்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. மிச்சம் வைத்தால் அது சாவே இல்லை, ஏமாற்று என்கிறது மறு கட்சி. இந்தப் பேரவையில் உன் மாமன் தீர்ப்பு: எல்லாம் போகட்டும், வாசலில் நிற்கும்போது உள்ளே இருந்து திட்டுகிற அந்த வீட்டுக்காரியின் குரல் மட்டும் இருக்கட்டும்.

அங்கேதான் எனக்குப் பயம். "அந்த அம்மா வாயை மூட ஒரு பொத்தான் வையுங்கள்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. அது உன் அத்தை ராமுத்தாயின் குரல் அல்லவா! நம்ம பிள்ளை சுருளியின் பதினாறாம் நாள் காரியத்தில் என்னிடம் பேச்சை விட்டவள், இன்றுவரை தொடவில்லை. சோறு ஆறுகிறது என்றால் கடைப் பூனையிடம் சொல்கிறாள். பூனை என்னைப் பார்க்கிறது. நான் எழுந்து போகிறேன். இந்த நிலையில் உன் விளையாட்டில் செத்தால்தான், "வந்துட்டியா? ஊரெல்லாம் சுத்திட்டு இப்பத்தான் வீடு தெரிஞ்சுச்சா?" என்று என்னை நேராகப் பார்த்து ஒருத்தி கேட்கிறாள்.

ஆகவே அந்தக் குரலில் கை வைக்காதே. வைத்தால் மேகமலை இடிந்து சின்னமனூர்ச் சந்தையில் விழும்.

இப்படிக்கு,
பேய்களின் பெருவிருந்து,
வேல்பாண்டி மாமன்


கொச்சி
27 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு, யுவா எழுதுவது.

உங்கள் கடிதத்தைச் செல்வினுக்கு வாசித்துக் காட்டினேன். எமன் விடுப்பில் போன இடத்தில் டீயைத் துப்பிவிட்டான். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பொங்கலுக்கு ஒரு போன்கூட இல்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

குரலைப் பற்றிப் பயப்படாதீர்கள். வேண்டாதவர்கள் தாண்டிப் போக ஒரு பொத்தான் மட்டும் வைக்கிறோம். அத்தை குரல் இருக்கும். அந்தக் குரலுக்காகவே ஆடுகிறேன் என்று எழுதியவர்களும் உண்டு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஒரு பையன், "செத்தால் பயமாக இல்லை, யாரோ கோபத்தோடு காத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தான். எங்கள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஆனால் மாமா, ஒன்று கேட்க வேண்டும். யார் எங்கே சாகிறார்கள் என்று எங்களுக்குத் தகவல் வரும். எந்த வளைவில் எல்லோரும் தோற்கிறார்கள், எந்தப் பேய் அநியாயம் என்று பார்த்துத் திருத்துவதற்காக. அதில் ஒரே ஒருவர், முதல் வளைவில் இருக்கிற குட்டிப்பேய்க்கு முன்னால் போய், அரிவாளைத் தூக்காமல் நின்று சாகிறார். திரும்பத் திரும்ப அதே. குட்டிப்பேய் யாரையும் கொல்லக்கூடாது என்றுதான் அதைச் செய்தோம். "யாரோ கன்ட்ரோலரை மேசையில் வச்சிட்டுத் தூங்கிட்டாங்கடி" என்றான் செல்வின். உங்கள் கடிதம் வந்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது நீங்கள்தானே? ஏறப் பார்க்கவே இல்லையே, ஏன்?

இன்னொன்று, சின்ன விஷயம். "செருப்ப வெளிய விடு" என்று அத்தை சொல்கிற வசனத்தின் கடைசியில் யாரோ சிரிப்பது கேட்கிறதாம். பிழை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அடுத்த அப்டேட்டில் செல்வின் அதை வெட்டிவிடுவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
யுவராணி


உத்தமபாளையம்
31 ஜனவரி 2025

மருமகளே,

அவசரம். அதிஅவசரம். இந்தக் கடிதத்தைக் கழுகின் காலில் கட்டித்தான் அனுப்ப நினைத்தேன், ஊரில் இருந்த ஒரே கழுகுக்கும் கண் புரை.

செல்வின் தம்பியின் கத்திரியைப் பிடுங்கி அரபிக்கடலில் எறி. அவனுக்கு நம் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சை ஒரு லாரி அனுப்புகிறேன். போதாவிட்டால் தோட்டத்தையே பெயர்த்து அனுப்புகிறேன். அந்தச் சிரிப்பை வெட்டக்கூடாது.

அது பிழை இல்லை ஆத்தா. சுருளி.

நீதான் மறந்துவிட்டாய். குரல் பதிவு செய்த அன்றைக்கு மைக்கை நீட்டி, "திட்டுங்க அத்தை" என்றாய். "செவுத்தப் பாத்து எப்பிடி ஆத்தா திட்டுறது? எனக்கு வரல" என்று அவள் வெட்கப்பட்டாள். அப்புறம் சுருளியை வெளியே அனுப்பி, வாசல் வழியாக உள்ளே வர வைத்தாய். அவன் வந்தான், இவள் திட்டினாள். அவன் மறுபடி போனான், மறுபடி வந்தான். அன்றைக்கு அவள் திட்டியதெல்லாம் அவனைத்தான். செருப்போடு உள்ளே வந்தபோது மட்டும் அவனுக்கு அடக்க முடியவில்லை.

இந்த வசனங்களை உன் கணினி சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. எது வரும் என்று தெரியாது. செருப்பு வசனம் எப்போதாவதுதான் வருகிறது. வர வேண்டுமென்றால் சாக வேண்டும். மேலே ஏறிப் போனால் சாவதற்கு நேரம் ஆகிறது. குட்டிப்பேய்தான் பக்கம்.

குட்டிப்பேயைக் குறை சொல்லாதே. நல்ல பிள்ளை. அதுவே முதலில் தயங்குகிறது. நான்தான் கழுத்தை நீட்டுகிறேன்.

ஹெட்போன் மாட்டித்தான் ஆடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் போகாது.

இப்படிக்கு,
சாகாவரம் பெற்றும் சாகிற,
மாமன்


கொச்சி
10 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

வெட்டவில்லை. வெட்ட மாட்டோம். செல்வினிடம் சொன்னேன். அவன் அந்த வசனத்தை ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, வெளியே போய்விட்டான். திராட்சை வேண்டாமாம்.

எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை. அவன் குரலை எங்கேயாவது கேட்டுவிடுவேனோ என்று பழைய பதிவு எதையும் நான் திறப்பதே இல்லை. அதுதான் காரணமாக இருக்கும்.

மாமா, அத்தையிடம் இதைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். 'சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் போகாது' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

கோபப்படாமல் படியுங்கள். பைக் விழுந்த இடத்திலிருந்து தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் ஆம்புலன்சில் அவனோடு இருந்தது நீங்கள் மட்டும்தான். அத்தை கேட்டது ஒரே கேள்வி, கடைசியாக என்ன சொன்னான் என்று. "அம்மாவ நல்லாப் பாத்துக்கங்கன்னு சொன்னான்" என்றீர்கள். மறுநாள் மயிலாடும்பாறையிலிருந்து அத்தை பக்கத்துச் சனம் வந்தபோது, "திராட்சைக்கு மருந்தடிக்க மறந்துராதீகன்னு சொல்லிச் சிரிச்சான்" என்றீர்கள். காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சிங்கம் மாதிரி எந்திரிச்சு உக்காந்து, வண்டிய வெரசா விடுய்யான்னு டிரைவர அதட்டினான்ல!" என்றீர்கள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் அத்தை நின்றாள். பக்கத்தில் நான் நின்றேன். என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

உங்கள் கதைகள் இல்லாமல் நான் வளரவில்லை. பேய்மேட்டில் ஒவ்வொரு தடவையும் பாதை மாறுகிறதே, அது உங்களிடம் எடுத்ததுதான். ஆனால் அத்தை கேட்டது கதை இல்லை மாமா.

யுவா


உத்தமபாளையம்
24 பிப்ரவரி 2025

யுவா,

உன் கடிதத்துக்குப் பதிலாக ஒரு மகா பதில் எழுதி வைத்திருந்தேன். அதில் நான் அரிச்சந்திரனைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தேன். கிழித்துவிட்டேன். வேறொன்று நடந்துவிட்டது.

நேற்று மத்தியானம். கடையில் ஆள் இல்லை. உன் மாமன் வழக்கம்போல் குட்டிப்பேய்க்குக் கழுத்தை நீட்டி வீரமரணம் எய்தி, அடிவாரத்தில் நின்றேன். நம் பூனை இருக்கிறதே, பரம்பரைப் பகை தீர்ப்பதுபோல மேசையில் பாய்ந்தது. ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டது. பில் போட்டதும் கணீரென்று 'நன்றி' சொல்லட்டும் என்று சுருளி வாங்கி மாட்டிய ஸ்பீக்கர், அது போட்ட போட்டில் பெரியாற்றுத் தண்ணீர் ஒரு நொடி நின்று ஓடியிருக்கும்.

"ஏலே, செருப்ப வெளிய விடு! கூட்டிப் பெருக்குறவ மனுசி இல்லையா?"

சிரிப்பு.

வந்தது அந்தச் சீட்டுதான். மற்ற நாளெல்லாம் தவம் கிடந்தாலும் வராது.

திரும்பினேன். இடைவாசலில் உன் அத்தை. கையில் எனக்குச் சோற்றுத் தட்டு. பூனையிடம் சொல்ல வந்தவள். அப்படியே நின்றாள். அவள் பார்த்தது என்னை இல்லை, ஸ்பீக்கரை. அடுத்து ஏதாவது வருமா என்று பார்ப்பதுபோல. ஒன்றும் வரவில்லை. திரையில் வீட்டு வாசலும் அரிவாளும்தான்.

அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியா ராமு, உன் கொரலுக்கு அமெரிக்கா ஜப்பான் எல்லாம் அடிமை" என்றேன்.

தட்டைக் குழாய்க் கட்டின் மேல் வைத்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, அறையவில்லை. சத்தமே இல்லை. இன்றைக்குப் பாத்திரச் சத்தமும் இல்லை. பூனையிடமும் பேசவில்லை.

நீ ஒரு வார்த்தை அவளுக்குப் போன் செய்து பேசு. எனக்காக என்று சொல்லாதே.

மாமன்


கொச்சி
3 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

நான் கூப்பிடுவதற்கு முன்னால் அத்தையே கூப்பிட்டாள். மொட்டை மாடியில் நின்று பேசினாள் என்று நினைக்கிறேன், காற்றுச் சத்தம் கேட்டது. பேசியதை அப்படியே எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"யுவா, ஆத்தா, நெசத்தச் சொல்லு. அந்தப் பெட்டிக்குள்ள சிரிச்சது யாரு?"

"சுருளிதான் அத்தை."

"உங்க மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

நான் நாட்களை எண்ணிப் பார்ப்பதற்குள் அவளே பேசினாள். "பொய்யெல்லாம் எனக்குப் பங்கு வச்சாரு. நெசமா ஒண்ணு இருந்துச்சு. அத மட்டும் அவரு காதுல மாட்டிக்கிட்டாரு."

அப்புறம் அவளே சொன்னாள்.

"என் கொரல அதுல இருந்து எடுத்துரு ஆத்தா. ஊருப்பட்ட பிள்ளைக செத்துச் செத்து வந்து எம்பிள்ள சிரிப்பக் கேக்க வேணாம். நான் அவனத் திட்டுனத வச்சு இவரும் வீடு திரும்ப வேணாம்."

"உங்களுக்கு மட்டும் அந்தச் சிரிப்பத் தனியா அனுப்பட்டுமா அத்தை?"

"வேணாம். அவன் சிரிச்சத நான் வேண்டமட்டும் கேட்டவ. கடைசியில என்னாச்சுங்கிறதுதான் எனக்குத் தெரியாது. அது அந்தப் பெட்டியில இல்ல."

மாமா, குரல் அத்தையுடையது. அவள் எடுக்கச் சொன்னால் நான் எடுக்கத்தான் வேண்டும். விளையாட்டு கெட்டுப்போகும், இருந்த நல்ல விமர்சனமும் போகும் என்று செல்வினுக்குத் தெரியும். அவனும் சரி என்றுவிட்டான். அடுத்த வார வெள்ளிக்கிழமை அப்டேட் வரும். உங்கள் திரையில், இப்போது மாற்றவா, பிறகு பார்க்கவா என்று கேட்கும். இணைய வயரைப் பிடுங்கிவிட்டால் பழையதே உங்கள் கணினியில் கிடக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாமல், உங்களுக்கு மட்டும். இதை நான் மறைத்திருக்கலாம். மறைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

வயரைப் பிடுங்குவீர்களா இல்லையா என்று நான் கேட்க மாட்டேன். அத்தை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். என்னிடம் இல்லை, அவளிடம்.

யுவா


உத்தமபாளையம்
16 மார்ச் 2025

யுவா,

உன் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை 'இப்போது மாற்று' என்பதை அழுத்தினேன். பிறகு ஒரு தடவை ஆடிப் பார்த்தேன். செத்து வாசலுக்கு வந்தால், அடுப்பு எரிகிற சத்தம் மட்டும் கேட்கிறது. மூடி வைத்துவிட்டேன்.

உள்ளே போனேன். அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று சொன்னேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அவனுக்கு உயிர் இல்லை. ஓட்டி வந்தவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் தேனி வரைக்கும் போனோம். வழியில் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவுதான் சொன்னேன். இதைச் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கண்ணு?" என்றாள்.

"தெறந்திருந்துச்சு. நான்தான் மூடிவிட்டேன்."

"நீங்க அவன்கிட்ட என்ன சொன்னீக?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "ஒண்ணும் சொல்லல. கையப் பிடிச்சிருந்தேன்" என்றேன்.

"எந்தக் கை?"

பக்கத்தில் உட்கார்ந்து வலது கையைக் காட்டினேன். முந்தானையில் தன் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு சொன்னாள். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நாம ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம். நான் தனியாவே அழுது முடிச்சுட்டேன். இனி உங்களோட சேந்து அழ எனக்குத் தெம்பு இல்ல."

மயிலாடும்பாறையில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இன்று காலையில் தேனி பஸ்சில் ஏற்றிவிட்டேன். பையை நான்தான் தூக்கி வந்தேன். தூக்க விட்டாள்.

உன் விளையாட்டுக்குக் கெட்ட பெயர் வந்திருந்தால் மாமனை மன்னித்துக்கொள். குரல் எங்கே போனது என்று அந்தப் பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல். சின்னதாகவே சொல்.

பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தாள் என்று எழுதத்தான் கை வருகிறது. பார்க்கவில்லை.

வேல்பாண்டி